எண் 412

கையில் புத்தகம் இல்லாமல் ரயிலில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை, மடியில் வைத்தால் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி இருக்கிறது, கட்டிக்கொண்டால் எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா நான் கோபமாக இருப்பதாக நினைத்துப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள், கோபம் இல்லை அம்மா, பயம். கூடுவாஞ்சேரியில் மூன்று நாற்பது வண்டி. எழும்பூர் நாலே முக்கால். பகுத்தறிவு மன்றக் கூட்டம் ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கு என் அப்பா மேடையேறி, பழுப்புத் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "தோழர்களே, நான் சொல்லவில்லை, ஆதாரம் சொல்கிறது" என்று வழக்கம்போல ஆரம்பிப்பார், பிறகு அதைத் திறப்பார், உள்ளே ஆதாரம் இருக்காது, ஏழாவது மாடி ஃபிளாட்டுக்குத் தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து பால் காய்ச்சிவிட்டுப் போகும் ஒரு பேய் இருக்கும். என் பேய். நான் எட்டு நாளாகச் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்காமல் படித்துக்கொண்டிருக்கும் நாவல். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. மூன்று மணிக்கு ஸ்டாஃப் ரூமுக்கு அப்பாவின் போன் வந்தது. "கனல், வந்து சேந்துட்டேன். நானூத்திப் பன்னெண்டு கையில இருக்கு." எது அப்பா நானூற்றுப் பன்னிரண்டு என்று கேட்டேன். "ஆவி, பேய் பத்தின புத்தகம்மா. உங்கம்மா அட்ட போட்டது. ஷெல்ஃப்ல இருந்த எடத்துலயே இருந்துச்சு, பாத்தியா, ஒழுங்குன்னா இதான்." வைத்துவிட்டார். கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போனை அணைத்துவிடுவது அவருடைய ஒழுங்குகளில் இன்னொன்று. நான் ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பீரியடைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் தள்ளிவிட்டு ஓடிவந்தேன், ஒளிச்சிதறல் பாடம், பாதியில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் பூஜை அறை இருக்கவேண்டிய இடத்தில் புத்தக அறை இருக்கிறது. அப்பா நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்தவர், எதையும் எண் போட்டு இடம் குறித்தால்தான் அது இருப்பதாக ஒப்புக்கொள்வார். சுப்பிரமணி என்று பிறந்து, இருபத்திரண்டு வயதில் கறுப்புச் சட்டை போட்ட அன்றைக்கே இளவழுதி ஆனவர். எனக்குக் கனல்மொழி என்று வைத்தார். அம்மாவுக்கு அல்லி என்று வைத்தார், அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டாள், பத்து நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்பா விட்டுவிட்டார், கடைசிவரை அலமேலுதான். அட்டை போடுவது அம்மாவின் வேலை. எந்தப் புத்தகம் வந்தாலும் பழுப்புத் தாளில் அட்டை, முதுகில் கறுப்பு மையில் எண், பெயர் கிடையாது, ஒரு நீள நோட்டில் எண்ணுக்கு நேரே பெயர், யார் இரவல் வாங்கினார்கள் என்பதும் அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில். ஆயிரத்துச் சொச்சம் புத்தகம், எல்லாம் ஒரே பழுப்பு, வெளியிலிருந்து பார்த்தால் வக்கீல் குமாஸ்தா வீடு மாதிரி இருக்கும். இதற்கு நடுவில் காட்டேரி நாவலை எங்கே ஒளிப்பது. மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகள் எதையெதையோ ஒளித்துப் படித்திருப்பார்கள், எங்கள் வீட்டில் பேய்க் கதையை ஒளிக்கவேண்டும். நாற்பத்து நாலு வயதில், இயற்பியல் டீச்சர், கல்யாணம் செய்து அதை முடித்தும் கொண்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள், படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தால் அசிங்கமாக இருக்காதா. அதனால் நானும் பழுப்பு அட்டை போட்டேன். எண் வேண்டுமே. நோட்டைப் புரட்டினேன், 412க்கு நேரே அம்மா எழுதியிருந்தாள், இரவல், குடியாத்தம் ராசு, 1998. ராசு மாமா செத்தே பத்து வருடமாகிறது, இனிமேல் அந்தப் புத்தகம் எங்கே திரும்பி வரப்போகிறது. அந்த இடம் ஷெல்ஃபில் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது. நான் கறுப்பு மையில் 412 என்று எழுதிச் செருகிவிட்டேன். படித்து முடித்த நாவலை வெளியே எடுத்து அடுத்ததற்கு அதே அட்டையை மாற்றிவிடுவேன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டு 412 பதினேழு நாவலாக இருந்திருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது இரவல் போனது மறந்துபோகும் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், அது ராசு அண்ணன்கிட்ட இருக்குங்க, என்று சமையலறையிலிருந்தே.

வண்டலூர். ஒருவரும் இறங்கவில்லை, வெளியே விலங்குக் காட்சிசாலைக்கு வந்த பிள்ளைகள் குரங்கு மாதிரி கத்திக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் பழக்கம் எனக்கு வந்ததே ஒரு பிள்ளையால்தான், ரெஹானா, அப்போது ஒன்பது பி, நான் லென்ஸ் வரைந்துகொண்டிருக்கும்போது மேசைக்கடியில் புத்தகம். பிடுங்கினேன். கொம்பு முளைத்த இளவரசன் அட்டையில் சட்டையில்லாமல் நின்றான். ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுக்கவேண்டியது, அன்றைக்கு ரயிலில் கையில் வேறொன்றும் இல்லை, சரி எதற்குப் பிடுங்கினோம் என்றாவது தெரியவேண்டாமா என்று முதல் பக்கத்தைப் பார்த்தேன், தாம்பரத்தில் இறங்கவேண்டிய வேலை இருந்தது, பல்லாவரத்தில் இறங்கினேன். இரண்டாம் நாள் ரெஹானாவைக் கூப்பிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, இதில் இரண்டாம் பாகம் உண்டாமே என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண், "மூணும் இருக்கு மிஸ், ஆனா மூணாவது அழுகாச்சி" என்றாள். அதற்குப் பிறகு டிராகனுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் கதை, கொடைக்கானலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிற தேயிலை வியாபாரி, பனைமரத்தை வெட்டிவிட்டதால் வாடகைக்கு வீடு தேடி அலையும் யட்சி, அவளுக்கு மெட்ரோ ரயில் என்றால் பயம். இவற்றிலெல்லாம் இயற்பியல் சுத்த மோசம். காட்டேரிக்குக் கண்ணாடியில் பிம்பம் விழாது என்கிறான், கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஒளி பட்டுத் திரும்புகிறது, திரும்புகிற ஒளி கண்ணாடிக்கு மட்டும் போகமாட்டேன் என்று அடம் பிடிக்குமா. தப்பு என்று தெரிந்துகொண்டே படிக்கும்போது ஒரு சுகம், புளிப்பு மிட்டாயை நாக்கில் ஒதுக்கி வைத்துக்கொள்வதுபோல. நான் ஒன்றையும் நம்பவில்லை. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது, பூக்காரம்மாவிடமாவது. நம்புகிறவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள், அவர்களுக்கு வேப்பிலை இருக்கிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறது. எங்களை மாதிரி ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது தேவைப்படுகிறது. அப்பாவிடம் இப்படியே சொல்லலாமா. பொழுதுபோக்குக்குப் படிக்கிறேன் அப்பா, சீட்டு விளையாடுகிற மாதிரி. சொல்லலாம். அவ்வளவுதான் என்றால் எப்போதோ சொல்லியிருப்பேனே.

தாம்பரத்தில் கூட்டம் ஏறி என் பக்கத்தில் ஒரு பெண் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், இருபது வயது இருக்கும், காதில் வயர், போனில் தமிழ் எழுத்துகள் மேலே ஓடுகின்றன. கண் தானாகப் போய்விட்டது. 'அவன் மூச்சுக்காற்று அவள் கழுத்தில் பனியாகப் பட்டது, ஏனென்றால் அவனுக்கு மூச்சே கிடையாது.' மூச்சு இல்லாதவனுக்கு மூச்சுக்காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் தள்ளிவிட்டாள், என்ன வேகம், நான் இரண்டு வரி படிப்பதற்குள் நாலு வரி போய்விடுகிறது. சானடோரியம் வரைக்கும் எட்டிப் பார்த்தேன், அவள் போனைத் திருப்பிக்கொண்டாள், எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தோடு வெட்கமாக நற்செழியனுக்குப் போன் போட்டேன், மன்றத்துச் செயலாளர், கூட்டம் ஏற்பாடு செய்கிற பையன் என்று அப்பா சொல்வார், அவருக்கு நாற்பது வயது. நற்செழியன், அப்பா வந்துட்டாரா, கொஞ்சம் அவர்கிட்ட குடுங்க. "ஐயா மூணு மணிக்கே வந்துட்டாங்கக்கா. பின்னாடி ரூம்ல உக்காந்து புத்தகம் படிச்சிட்டிருக்காங்க. டீ குடுக்கப் போனேன், தொந்தரவு பண்ணாதீங்க தோழர்னு சொல்லிட்டாங்க." படிக்கிறாரா. எந்தப் புத்தகம். "கையில கொண்டாந்தாங்களே, பிரவுன் அட்ட. என்னக்கா, எதாவது அவசரமா?" இல்லை, ஒன்றும் இல்லை, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன், சொல்லவேண்டாம் என்றேன், வைத்துவிட்டேன். ஆக, மேடையில் திறக்கப்போவதில்லை. முன்னாலேயே திறந்துவிட்டார். அவர் மானம் தப்பித்தது என்று ஒரு நிமிடம் மூச்சு வந்தது, மறு நிமிடம் போய்விட்டது, ஏனென்றால் திறந்தவர் மூடவில்லை, படிக்கிறார். அப்பா மணிக்கு நாற்பது பக்கம் படிப்பார், கூடவும் மாட்டார் குறையவும் மாட்டார், சங்கிலி பிடித்த கை. மூன்றேகாலுக்கு ஆரம்பித்திருந்தால் இப்போது நாலு, முப்பதாம் பக்கம். ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்கு அவர் வரும்போது மணி நாலு நாற்பத்திரண்டு. வண்டி எழும்பூருக்குப் போவது நாலு நாற்பத்தைந்து. மூன்று நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஏதாவது செய்யேன் என்று யாரிடம் கேட்பது, எங்கள் வீட்டில் அப்படிக் கேட்பதற்கும் ஆள் இல்லை.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அந்த நாவலின் நீலவேணி, செத்துப்போனவள், பால் காய்ச்சி முடித்துவிட்டுக் கிளம்புகிறாள், கிளம்புமுன் கேஸ் அடுப்பின் குமிழை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாள், கதவு வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டுப் பார்க்கிறாள், பிறகுதான் மறைகிறாள். எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அம்மா இப்படித்தான். எங்கே கிளம்பினாலும், கல்யாணமோ மாநாடோ ஆஸ்பத்திரியோ, எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்போது உள்ளே போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள், வருவாள், மறுபடி போவாள். "அலமேலு, அடுப்பு என்ன எந்திரிச்சு நடக்குமா?" என்று அப்பா பூட்டும் கையுமாக வாசலில் நின்று கேட்பார். நான் இரண்டாவது தடவைக்கெல்லாம் பொறுக்கமாட்டேன், பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று முனைக்கு ஓடிவிடுவேன், சின்ன வயசிலிருந்து அதுதான் என் வேலை. குரோம்பேட்டை. அம்மா போனது ஒரு செவ்வாய்க்கிழமை, நெஞ்சுவலி என்றாள், ஆட்டோவில் ஏறும்போதுகூட அடுப்பு, அடுப்பு என்று கையைக் காட்டினாள், அணைச்சாச்சும்மா என்று அதட்டினேன். கடைசியாக நான் அவளிடம் பேசியது அந்த அதட்டல்தான். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். அம்மாவே எழுதிக் கொடுத்திருந்தாள், நான் சாட்சிக் கையெழுத்து, அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை, இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன். வண்டிக்காரர் சடங்கு ஏதாவது பண்ணணுமா சார் என்று கேட்டார், இல்லை என்றார் அப்பா, ஒரு மாலை, வீரவணக்கம் மூன்று முறை, வண்டியின் கதவைச் சாத்தினார்கள், முடிந்தது. மற்றவர்களுக்கு மூன்றாம் நாள் இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு மாடியில் நின்று கா கா என்று கூப்பிடவாவது ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அடுத்த நாள் புதன்கிழமை இருந்தது, அவ்வளவுதான். நான் அழுதேன் என்று சொல்லமுடியாது. எனக்கு அம்மா வேண்டும், இவ்வளவுதான் விஷயம், இதை எந்தக் கூட்டத்திலும் எந்த வீட்டிலும் சொல்ல இடமில்லை. ரெஹானாவின் புத்தகத்தைப் பிடுங்கியது அம்மா போன நாற்பதாவது நாளோ என்னவோ. ஐம்பத்தெட்டாம் பக்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதினேன், அம்மா இப்படித்தான், இரண்டு தடவை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதற்குக் கீழே, அம்மா, நீ வருவதாக இருந்தால் ஆறு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன், என்று எழுதினேன். எழுதியது மட்டுமா, எட்டு நாளாகப் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐந்தேமுக்காலுக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். நம்புகிறேனா, இல்லை. அப்படியென்றால் எதற்குப் போய் உட்காருகிறாய், தெரியவில்லை, பாலைக் காய்ச்சுகிறேன், பொங்குகிறது, அணைக்கிறேன்.

அப்பா எந்தப் புத்தகத்தையும் பேனா இல்லாமல் படிக்கமாட்டார். ஓரத்தில் எழுதுவார், கறுப்பு மை, கீழே தேதியும் நேரமும். மூன்றே சொல்தான். 'சரி', 'தவறு', 'ஆதாரம்?'. என்னுடைய பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டில்கூட எழுதியிருக்கிறார், அன்னையின் அன்புக்கு ஈடு இணை இல்லை என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் 'ஆதாரம்?', அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவருக்குக் காபி கொடுக்கவில்லை. மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று தலைக்கு மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியது, பக்கத்துப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மூச்சில்லாதவன் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறானோ. என் அம்மாவுக்குப் பக்கத்தில் 'ஆதாரம்?' என்று எழுதிவிடுவார், அதுதான் என் பயம். எழுதினால் நான் அவரை மன்னிக்கமாட்டேன், ஒரே வீட்டில் இருந்துகொண்டு மன்னிக்காமல் இருப்பது எப்படி, காபி கொடுக்காமல் எத்தனை நாள் இருப்பது, அவருக்கு எழுபத்தேழு வயது. அதைவிட, எழுதாமல் வேறேதாவது நினைத்தால். என் மகள் இப்படி ஆகிவிட்டாள், நான் இவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அதனால்தான் பேயிடம் போயிருக்கிறாள் என்று நினைத்துவிட்டு மேடையேறினால். ஆடி மாதத்துக் கூட்டத்தில் பேசிக்கொண்டே இருந்தவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டார், சொல் வரவில்லை, கையை மட்டும் உயர்த்தியபடி நின்றார், ஜனங்கள் அது பேச்சுக்கலை என்று நினைத்துக் கைதட்டினார்கள், எனக்கு மட்டும் தெரியும், அவர் கண் என்னைத் தேடியது. அதற்குப் பிறகு யாரும் அவரைப் பேசக் கூப்பிடவில்லை, ஐயா தலைமை தாங்கட்டும், உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார்கள். நற்செழியன்தான் பிடிவாதமாக இன்றைக்குப் பேச்சாளர் என்று நோட்டீஸில் போட்டார். இன்றைக்கு மறுபடி நின்றுவிட்டால் அதோடு முடிந்தது. நின்றால் அது என்னால். பரங்கிமலை, கிண்டி, மணி நாலு இருபத்தைந்து, அவர் நாற்பத்தாறாம் பக்கம். சைதாப்பேட்டைக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் வண்டி நின்றது, நின்றது நின்றதுதான், கீழே தண்ணீரில் எருமைகள், எனக்கு அந்த எருமைகளின் மேல் வந்த கோபம் நியாயமே இல்லாதது. நாற்பத்தெட்டாம் பக்கம். என்ன சொல்வது, அது ரெஹானாவின் புத்தகம் அப்பா, எழுத்து அவளுடையது, பாவம் அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. ரெஹானாவின் அம்மா போன வாரம்தான் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். ஐம்பதாம் பக்கம். இதற்கு நடுவிலும், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, கதையில் அந்த ஃபிளாட் இருக்கும் கட்டடத்தை நாளைக் காலை இடிக்கப்போகிறார்களே, நீலவேணி என்ன ஆவாள் என்று மனசு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது. வண்டி நகர்ந்தது. மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம். சேத்துப்பட்டில் மணி நாலு ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டைத் தாண்டிவிட்டார். இனி ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தும் எழும்பூரில் இறங்கி ஓடினேன்.

மன்றத்தில் அறுபது பேர் இருப்பார்கள், கடைசி வரிசையில் நின்றேன், அப்பா ஏற்கெனவே மேடையில் இருந்தார். பழுப்பு அட்டைப் புத்தகம் வலது கையில் தலைக்கு மேலே. "இந்தப் புத்தகத்துல அறுபத்து மூணாம் பக்கம்" என்றார், விரலை நடுவில் வைத்துத் திறந்தார், நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார், வாசித்தார். ஒரு கிராமத்தில் கிணற்றடியில் இரவில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசு பற்றி, அது சதுப்பு நிலத்து வாயு என்பது பற்றி, தேதியோடு, ஊர்ப்பெயரோடு, சோதனை செய்த ஆசிரியரின் பெயரோடு. இரண்டு பக்கம் இருக்கும். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என் நாவலின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் நீலவேணி பால்காரனோடு சண்டை போடுவாள், எனக்குத் தெரியும். பிறகுதான் கவனித்தேன், மூக்குக் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு என் முகமே தெரியாது, எழுத்து எங்கே தெரியப்போகிறது. ராசு மாமாவோடு குடியாத்தத்துக்குப் போய்த் திரும்பி வராத அந்த 412ஐ அவர் மனசிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்ட மனிதர், கையில் பேய்க் கதையைப் பிடித்துக்கொண்டு, இதில் இருக்கிறது என்று அறுபது பேரிடம் கூசாமல் பொய் சொன்னார். கைதட்டினார்கள். நற்செழியன் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நான் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. தாம்பரம் வரைக்கும் அவர் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், மைக் சரியில்லை, வந்தவர்களில் இளைஞர்கள் எட்டுப் பேர்தான், எண்ணினாராம். புத்தகம் அவருடைய துணிப்பையில் இருந்தது. பெருங்களத்தூரில் எடுத்து என் மடியில் வைத்தார். "பேய்னு ஒண்ணு கெடையாது. அது வேற" என்றார். சரிப்பா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் கட்டடத்த இடிக்கப் போறதா நோட்டீஸ் ஒட்டிட்டாங்களே. அந்தப் பொண்ணு எங்க போவா?" எனக்கும் தெரியாதுப்பா, நாற்பது பக்கம் பாக்கி என்றேன். "படிச்சிட்டுச் சொல்லு. கதைக்குத்தான் கேக்குறேன்" என்றார், சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்குகிறார் என்று நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்துவிட்டு ஐம்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தேன். கறுப்பு மை. நான் எழுதிய முதல் வரிக்கு நேரே 'தவறு' என்று இருந்தது, எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, அதற்குள் அடுத்த வரியையும் படித்துவிட்டேன். 'தவறு. இரண்டு தடவை அல்ல, மூன்று. மூன்றாவது தடவை செருப்போடு போவாள். நீ அதற்குள் பஸ் பார்க்கப் போய்விடுவாய்.' கீழே இன்றைய தேதி, நேரம் மாலை 4.10. மணிக்கு நாற்பது பக்கம் என்று நான் போட்ட கணக்கு எப்போதோ உதைத்திருக்கிறது, அப்பா வேகமாகப் படித்திருக்கிறார். என்னுடைய இரண்டாவது வரி, ஆறு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன் என்பது, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை ஊன்றி எடுத்த ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தது. மணி ஏழரை ஆகியிருந்தது, ஊரப்பாக்கம் தாண்டியதும் அப்பாவை எழுப்பினேன்.